அப்பா டிரஸ்ட் ஏதும் எழுதி வைத்தாரா?

காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான் வீட்டில் அந்தப் பேச்சு எழும். யாரும் உடனே வாய்விட்டுக் கேட்பதில்லை. பீரோ சாவி எங்கே என்று ஆரம்பித்து, பாஸ்புக் எத்தனை என்று போய், கடைசியில் பெரியவனோ சின்னவளோ கேட்டுவிடுவார்கள்: “அப்பா டிரஸ்ட் ஏதாவது எழுதி வெச்சிருப்பாரா?” உடனே சித்தப்பா ஒருவர், ‘உங்க எல்லாருக்கும் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு அண்ணன் ஒருதரம் சொன்னாரே’ என்று நினைவுபடுத்துவார். அந்த ஏற்பாடு என்ன என்பது அவருக்கும் தெரியாது.

கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒரே வாசலில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல இது. பெயரைப் போட்டால் ‘இவர் இன்ன டிரஸ்ட் எழுதியிருக்கிறார்’ என்று காட்டும் பொதுப் பதிவேடு எதுவும் தனியார் டிரஸ்டுகளுக்கு இந்தியாவில் கிடையாது. நாலைந்து இடங்களில் ஏறி இறங்க வேண்டும். எந்த வரிசையில் ஏறி இறங்குவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால், சொல்லே நம்மைக் குழப்புகிறது. டிரஸ்ட் என்பதைத் தமிழில் அறக்கட்டளை என்று எழுதிவிடுகிறோம். அறக்கட்டளை என்றதும் அன்னதானம், இலவசக் கண் சிகிச்சை முகாம், கல்லூரி நடத்தும் குழு இவைதான் கண்ணில் வரும். தன் மகளுக்காக மட்டும் ஓர் அப்பா எழுதிவைக்கும் டிரஸ்டில் தருமம் எதுவும் இல்லை. அது முழுக்க முழுக்கக் குடும்பக் கணக்கு. தனியார் டிரஸ்டுகளுக்கு 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் இருக்கிறது. தரும காரியங்களுக்கான டிரஸ்டுகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. அதனால் பேச்சுவழக்கிலேயே டிரஸ்ட் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஒரு டிரஸ்டில் மூன்று பேர் உண்டு. எழுதுகிறவர், பொறுப்பேற்கும் டிரஸ்டி, பலனை அனுபவிக்கும் பயனாளி. அப்பா 40 லட்சம் ரூபாயைத் தன் நம்பிக்கைக்குரிய நண்பரிடம் ஒப்படைக்கிறார். ‘இது உன் பொறுப்பில் இருக்கட்டும், வட்டி மாதாமாதம் என் மகளுக்குப் போகட்டும், அவளுக்கு 30 வயதானதும் அசலையும் கொடுத்துவிடு’ என்று எழுதுகிறார். அது டிரஸ்ட். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த 40 லட்சம் இப்போது அப்பா பெயரில் இல்லை. டிரஸ்டியின் பொறுப்பில், டிரஸ்டின் பெயரில் இருக்கிறது. அப்பா பெயரைப் போட்டு எந்த வங்கியில் தேடினாலும் அது வராது. ஆக, பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று தேடுவதைவிட, அது அப்பாவின் கையைவிட்டு எப்போது போனது என்று தேடுவதுதான் காரியத்துக்கு ஆகும். போன தடம் அவருடைய காகிதங்களில் எங்காவது இருக்கும்.

எல்லா அப்பாக்களும் டிரஸ்ட் எழுதுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாதச் சம்பளத்தில் வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து ஓய்வுபெற்றவர் உயில் எழுதினாலே பெரிய விஷயம். டிரஸ்ட் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்குவார்கள். மில், கடை, பங்குகள் என்று பரவிக்கிடக்கும் வியாபாரக் குடும்பத்தார். மனவளர்ச்சிக் குறைபாடோ வேறு மாற்றுத்திறனோ உள்ள பிள்ளையைப் பெற்று, ‘நமக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்’ என்ற கவலையில் தூங்காதவர்கள். இரண்டு குடும்பம் உள்ளவர்கள். கடன்காரர்களுக்குப் பயந்தவர்கள். உங்கள் அப்பா இதில் ஒருவரா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் கட்டுரையின் நடுப்பகுதிக்குத் தாவிவிடலாம். அங்கே உங்களுக்கு ஓர் ஆச்சரியம் இருக்கக்கூடும்.

முதல் தேடல் வீட்டில்தான். பீரோவுக்குள் இருக்கும் மஞ்சள் பை, பழைய பிஸ்கட் டப்பா, மடித்து வைத்த பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும் கவர் எதையும் விடாதீர்கள். பத்திரம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் அதன் நிழல் கிடைக்கும். ஆடிட்டர் பீஸ் கொடுத்த ரசீது. வக்கீல் ஆபீஸ் கடிதத் தலைப்பு. முத்திரைத்தாள் வாங்கிய சீட்டு. உங்களுக்குத் தெரியாத இன்னொரு பான் கார்டு. அப்படி ஒரு கார்டு கண்ணில் பட்டால் எண்ணின் நான்காவது எழுத்தைப் பாருங்கள். தனி ஆளுக்கு அந்த இடத்தில் ஆங்கில ‘பி’ இருக்கும். டிரஸ்டுக்கு ‘டி’, இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு ‘எச்’. ‘டி’ இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து அப்பாவின் ஆடிட்டர். வீட்டில் மனைவிக்குத் தெரியாத கணக்குகூட ஆடிட்டருக்குத் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியாமல் ஒரு டிரஸ்ட் வருஷாவருஷம் வரிக் கணக்குக் காட்டியிருப்பது கடினம். இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். போனில் கேட்டால் சொல்லத் தயங்குவார், அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆடிட்டர் இல்லாத வீடு என்றால், வருமான வரித் துறையின் இணையதளத்தில் சட்டப்படியான வாரிசாக நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். ஒப்புதல் கிடைத்ததும் அப்பாவின் கணக்குக்குள் போய், ஆண்டுத் தகவல் அறிக்கை என்பதைத் திறந்து பாருங்கள். எந்த வங்கி வட்டி கொடுத்தது, எந்தக் கம்பெனி டிவிடெண்ட் கொடுத்தது, எந்த மியூச்சுவல் ஃபண்டில் வாங்கல் விற்றல் நடந்தது என்று பெயர் பெயராக வரும். 2020-21 நிதியாண்டு முதலான விவரம்தான் அதில் இருக்கும் என்றாலும், இறந்துபோனவரின் பண நடமாட்டத்தை ஒரே இடத்தில் பார்க்க இதைவிட நல்ல சன்னல் நமக்கு இல்லை.

வங்கி ஸ்டேட்மென்டையும் பத்து வருஷத்துக்குக் கேட்டு வாங்குங்கள். வட்டி வரவை விட்டுவிட்டுப் பெரிய பற்றுகளை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். கல்யாணச் செலவு, வீட்டு ரிப்பேர், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைக்கும். பதில் கிடைக்காத வட்டம் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். அதுதான் நீங்கள் தேடும் தடம்.

இனி பதிவு அலுவலகம். டிரஸ்ட் சட்டத்தின் 5ஆம் பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தை டிரஸ்டாக்க வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்துடன், பதிவுசெய்த பத்திரமாக இருக்க வேண்டும், அல்லது உயில் வழியாக இருக்க வேண்டும். ரொக்கம், நகை, பங்கு போன்ற அசையும் சொத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. டிரஸ்டியின் கையில் உரிமையை மாற்றிக் கொடுத்தாலே போதும். இதிலிருந்து ஒரு கணக்குப் புரியும். அப்பா நிலத்தை வைத்து டிரஸ்ட் எழுதியிருந்தால் அரசாங்கத்தின் புத்தகத்தில் அதற்குச் சுவடு இருந்தே தீரும். பணத்தை மட்டும் வைத்து எழுதியிருந்தால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது நம்மூரில் டீக்கடைப் பேச்சளவுக்குப் பழகிய விஷயம். தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதலான வில்லங்கத்தைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால் போதும். அப்பா வைத்திருந்த ஒவ்வொரு மனைக்கும் தோட்டத்துக்கும் போட்டுப் பாருங்கள். விற்பனை, அடமானம், தான செட்டில்மென்ட் என்று வரும் வரிகளுக்கு நடுவே டிரஸ்ட் பத்திரம் என்று ஒரு வரி வந்தால் ஆவண எண்ணையும் வருஷத்தையும் குறித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். 1975க்கு முந்தையது வேண்டுமென்றால் அலுவலகத்திலேயே மனுப் போட வேண்டும்.

சர்வே எண் தெரியாதவர்கள் என்ன செய்வது? பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு அலுவலகத்திலும் தனித்தனிப் புத்தகங்கள் இருக்கின்றன. அசையாச் சொத்து ஆவணங்கள் முதல் புத்தகத்தில். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில். சொத்தோடு ஒட்டாத மற்றவை நான்காம் புத்தகத்தில். முதல் புத்தகத்துக்கு ஆட்களின் பெயர் வாரியாகவும் ஓர் அட்டவணை உண்டு. கட்டணம் கட்டி அப்பா பெயரில் தேடச் சொல்லலாம். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான்காம் புத்தகத்தின் நகலைக் கண்டவருக்கும் தரமாட்டார்கள். அதை எழுதிக்கொடுத்தவருக்கும், அதன்கீழ் உரிமை கோருகிறவருக்கும் அல்லது அவர்களுடைய பிரதிநிதிக்கும்தான். பணத்தை மட்டும் வைத்து எழுதிப் பதிவு செய்த டிரஸ்ட் பத்திரம் இந்த நான்காம் புத்தகத்தில் கிடக்கலாம் என்பதால், நீங்கள் வாரிசு என்பதற்கான காகிதத்தோடு போவது நல்லது.

உயில் கொஞ்சம் வேறு மாதிரி. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் தவிர வேறு யாருக்கும் நகல் கிடையாது. அவர் இறந்துவிட்டால், யார் மனுப் போட்டாலும் தர வேண்டும். இது பலருக்குத் தெரியாது. ‘நீங்க யாருங்க, உங்களுக்கு எதுக்கு’ என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டால், இறப்புச் சான்றிதழைக் காட்டிப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவைச் சொல்லுங்கள். சங்கடம் என்னவென்றால், உயிலைத் தனக்கு வசதியான எந்தப் பதிவு அலுவலகத்திலும் அவர் பதிந்திருக்கலாம். சொந்த ஊர், வேலை பார்த்த ஊர், கடைசியில் குடியிருந்த ஊர் என்று மூன்றிலாவது தேட வேண்டும். பதிவே செய்யாத உயிலும் செல்லும் என்பதால், அங்கே இல்லை என்ற பதிலை வைத்து உயிலே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இன்னொரு மூலையும் உண்டு, வக்கீல்கள்கூடச் சில சமயம் மறந்துவிடுவது. உயிலை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் காட்டாமல், மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. எழுதியவர் இறந்த பிறகு மனுப் போட்டால், உங்கள் முன்னிலையில் உறையைப் பிரித்து, மூன்றாம் புத்தகத்தில் படியெடுத்துவிட்டு, மூலத்தை மறுபடி பத்திரப்படுத்துவார்கள். இரகசியம் காக்கிற சுபாவமுள்ள அப்பா என்றால் இந்தக் கதவையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அந்த உயிலுக்குள்ளேயே டிரஸ்ட் இருக்கக்கூடும். ‘என் காலத்துக்குப் பிறகு இன்னாரும் இன்னாரும் டிரஸ்டிகளாக இருந்து என் சொத்தை நிர்வகித்து’ என்று ஒரு பத்தி வந்தால், அப்பா இறந்த நாளிலிருந்து அந்த டிரஸ்ட் உயிர்பெற்றுவிட்டது என்று பொருள்.

இப்போது அந்த ஆச்சரியத்துக்கு வருகிறேன். டிரஸ்ட் என்ற வார்த்தையே வாழ்நாளில் உச்சரிக்காத ஓர் அப்பாவும் உங்களுக்கு ஒரு டிரஸ்டை விட்டுப் போயிருக்கலாம். அது ஓர் எல்.ஐ.சி. பாலிசி வடிவத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், நீங்கள் ‘பழைய பேப்பர்’ என்று ஒதுக்கிவைத்த கட்டுக்குள் இருக்கும்.

1874ஆம் ஆண்டில் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் 6ஆம் பிரிவு இப்படிப் போகிறது: திருமணமான ஓர் ஆண் தன் உயிர்மேல் பாலிசி எடுத்து, அது மனைவிக்காகவோ பிள்ளைகளுக்காகவோ என்று பாலிசியிலேயே எழுதிவிட்டால், அந்தப் பாலிசி அவர்களுக்கான டிரஸ்ட் என்று கொள்ளப்படும். தனியாக டிரஸ்ட் பத்திரம் வேண்டாம், பதிவும் வேண்டாம். அந்தப் பணம் அவருடைய சொத்துக் கணக்கில் சேராது. மற்ற வாரிசுகள் பங்கு கேட்க முடியாது. அப்பா வாங்கிய கடனுக்காகக் கடன்காரரும் பொதுவாக அதைத் தொட முடியாது. கடன்காரரை ஏமாற்றவென்றே எடுத்த பாலிசி என்று நிரூபித்தால் மட்டும், அந்தப் பாலிசிப் பணத்திலிருந்து கேட்கலாம். தொழில் நொடித்து, வீடு ஏலத்துக்குப் போய், கடைசியில் இந்த ஒரு பாலிசி மட்டும் மிஞ்சி நிற்கிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தச் சட்டத்துக்குள் ஒரு சென்னைக் கதையும் ஒளிந்திருக்கிறது. ஆரம்பத்தில் இது இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்துமா என்பதே தகராறாக இருந்தது. பிறகு திருத்தம் கொண்டுவந்தபோது, இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள், சமணர்கள் எடுத்த பாலிசிகளுக்கு மற்ற மாகாணங்களில் 1923 ஏப்ரல் 1க்குப் பிறகுதான் என்று எழுதியவர்கள், மதராஸுக்கு மட்டும் 1913 டிசம்பர் 31க்குப் பிறகு என்று தனித் தேதி கொடுத்தார்கள். சட்டப் புத்தகத்தில் இன்றும் அந்த வரி அப்படியே இருக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. பாலிசியில் நாமினி என்ற இடத்தைப் பாருங்கள். பெயர் இருந்தால் சாதாரணப் பாலிசி. நாமினி பெயருக்குப் பதிலாக மேலே சொன்ன சட்டத்தின் பெயரோ அதன் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளோ இருந்து, பயனாளிகள், டிரஸ்டி என்று தனித்தனியே பெயர்கள் இருந்தால் உங்கள் கையில் இருப்பது டிரஸ்ட். டிரஸ்டியாக மாமாவோ தாத்தாவோ இருக்கலாம். அவரும் காலமாகியிருக்கலாம். அதனால் டிரஸ்ட் செத்துப்போவதில்லை. பாலிசி காணவில்லை, எண்ணும் தெரியவில்லை என்றாலும் வழி உண்டு. யாரும் உரிமை கோராத தொகைகளைத் தேடிப் பார்க்கும் வசதி ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்திலும் இருக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளை. ஆனால் காலம் கடத்தாதீர்கள். பத்து வருஷம் யாரும் கேட்காத காப்பீட்டுப் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். அங்கிருந்தும் கேட்டு வாங்கலாம், ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. 25 வருஷம் தாண்டினால் மத்திய அரசுக்கே சொந்தம்.

டிரஸ்டி யாரையும் குறிப்பிடாமல் விட்டுவிட்டால்? அந்தப் பாலிசிப் பணத்தை மாநிலத்தின் அதிகாரபூர்வ டிரஸ்டியிடம் செலுத்த வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. யார் அவர் என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் அண்டு அபிஷியல் டிரஸ்டி’ என்ற பெயரில் ஓர் அரசு அலுவலகம், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 1913ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்கீழ் நடக்கும் பதவி. நடத்த ஆளில்லாத டிரஸ்டுகளும், ‘சொந்தக்காரன் எவனையும் நம்ப மாட்டேன், சர்க்காரே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று எழுதிவைத்த பழைய சென்னைக்காரர்களின் டிரஸ்டுகளும் இங்கே நிர்வாகத்தில் உள்ளன. தாத்தா காலத்து மயிலாப்பூர் வீடு, ஜார்ஜ் டவுன் கடை என்று உங்கள் குடும்பத்தில் பேச்சு அடிபட்டிருந்தால் அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் நஷ்டம் இல்லை. தபால் செலவுதான்.

டிரஸ்ட் இருப்பது தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைவலி டிரஸ்டி. அவர் பெரியப்பாவாக இருப்பார். ‘அதெல்லாம் நான் பாத்துக்கறேன், உனக்கு எதுக்கு இப்போ’ என்பார். மரியாதைக்காகப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சட்டம் அவரிடம் அத்தனை மரியாதை காட்டவில்லை. தெளிவான கணக்கு வைத்திருப்பதும், பயனாளி கேட்டால் சொத்தின் அளவையும் நிலையையும் முழுமையாகச் சொல்வதும் டிரஸ்டியின் கடமை. இது டிரஸ்ட் சட்டத்தின் 19ஆம் பிரிவு. டிரஸ்ட் பத்திரத்தையும் கணக்குகளையும் வவுச்சர்களையும் பார்க்கவும் நகல் எடுக்கவும் பயனாளிக்கு உரிமை உண்டு. இது 57ஆம் பிரிவு. பதிவுச் சட்டத்திலும் 57தான், டிரஸ்ட் சட்டத்திலும் 57தான். ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

முதலில் நேரில் கேளுங்கள். பிறகு ஸ்பீட் போஸ்டில் எழுதிக் கேளுங்கள், தேதியும் கையெழுத்தும் போட்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் கணக்குக் கேட்டு சிவில் வழக்கு. ‘அப்பா போய்ப் பதினைந்து வருஷமாச்சு, இனிமேல் கேட்க முடியுமா?’ என்ற பயம் வேண்டாம். பத்திரத்தின் மூலம் குறிப்பிட்ட காரியத்துக்காகச் சொத்தை ஒப்படைக்கப்பெற்ற டிரஸ்டியிடமிருந்து அந்தச் சொத்தை மீட்கவும் கணக்குக் கேட்கவும் போடும் வழக்குக்குக் காலாவதி கிடையாது என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 10ஆம் பிரிவில் சொல்கிறது. சாதாரணக் கடனுக்கு மூன்று வருஷத்தில் கதவு மூடிவிடுகிற அதே சட்டம்தான் இது. ஆனால் டிரஸ்டி அந்தச் சொத்தை வேறொருவருக்கு உரிய விலைக்கு விற்றிருந்தால் வாங்கியவரிடம் இந்த வாதம் செல்லாது. ஆகவே காலாவதி இல்லை என்று சொல்லிச் சோம்பிக் கிடக்கவும் கூடாது.

தேடித் தேடி டிரஸ்ட் இல்லை என்றே தெரிந்தாலும், பெரும்பாலான வீடுகளில் இந்தத் தேடல் வீண்போவதில்லை. வேறு பணம் அகப்படும். பத்து வருஷமாக யாரும் தொடாத வங்கிக் கணக்குகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாறிவிடுகின்றன. 2024 மார்ச் இறுதியில் அந்த நிதியில் இருந்தது 78,213 கோடி ரூபாய். இதைத் தேட 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் என்ற தளத்தில் அப்பாவின் பெயரும், பான், வாக்காளர் அட்டை, பிறந்த தேதி இவற்றில் ஏதாவது ஒன்றும் கொடுத்தால் போதும். எவ்வளவு இருக்கிறது என்று காட்டாது, எந்த வங்கியில் என்று காட்டும். அதற்குமேல் அந்த வங்கிக்குத்தான் போக வேண்டும். அப்பா போன வருஷம்வரை பணம் எடுத்த கணக்கு இதில் வராது என்பதை மறந்துவிடாதீர்கள். பங்குகளுக்கு ஏழு வருஷக் கணக்கு: அத்தனை காலம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டால் பங்கும் சேர்ந்து முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போகும். அதன் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடி, முதலில் கம்பெனியின் அதிகாரியிடம் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்டுக்கு மித்ரா என்ற தேடல் வசதி 2025இல் வந்தது. அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் பி.எஃப். பணத்தோடு சேர்ந்த காப்பீடு 7 லட்சம் ரூபாய்வரை வரும். கேட்காமல் விட்டவர்கள் நிறைய. அஞ்சலகச் சேமிப்புக்கு மட்டும் பாஸ்புக்கையோ பத்திரத்தையோ கையில் வைத்துக்கொண்டு அந்தத் தபால் ஆபீஸ் கவுன்டரில்தான் நிற்க வேண்டும்.

இங்கே நாமினி விஷயத்தில் ஒரு வார்த்தை. வங்கியில் நாமினியாகப் பெயர் இருக்கிற தம்பி, ‘பணம் எனக்குத்தான்’ என்று நினைத்துக்கொண்டிருப்பான். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை பெற்றவர், சொந்தக்காரர் அல்ல. 1983இல் ஒரு காப்பீட்டு வழக்கிலும், 2023 டிசம்பரில் பங்குகள் தொடர்பான வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015இல் சட்டத்தைத் திருத்தி, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று ஆக்கிவிட்டார்கள். அண்ணன் தம்பி சண்டை போடுவதற்கு முன்னால் எந்தக் காகிதத்தில் எந்த நாமினி என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவராக இருந்தால் அங்குள்ள சேமநிதியில் நாமினி எழுதாமல் விட்ட தொகையை அந்நாட்டின் பொது டிரஸ்டி அலுவலகம் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அங்கே நேராக எழுதுங்கள். ஏஜென்டு வேண்டாம்.

ஏஜென்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. நீங்கள் தேட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே யாராவது உங்களைத் தேடி வரக்கூடும். ‘உங்கள் தந்தையார் பெயரில் லண்டனில் பெரிய டிரஸ்ட் ஃபண்ட் இருக்கிறது, விடுவிக்க வரி கட்ட வேண்டும், ஒரு லட்சம் அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் முத்திரை போட்ட கடிதம் வரும். துக்கத்தில் இருக்கிற வீடு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றை மட்டும் யோசியுங்கள். டிரஸ்டை நடத்துகிற செலவை டிரஸ்டி எடுத்துக்கொள்ள வேண்டியது டிரஸ்ட் சொத்திலிருந்து. கோடிக்கணக்கில் கையில் வைத்திருக்கிறவர் ஒரு லட்சத்துக்கு உங்களிடம் வந்து ஏன் நிற்கிறார்? பத்திரத்தின் நகலைக் கேளுங்கள், வராது. உள்ளூரிலும், கோரப்படாத பங்குகளை மீட்டுத் தருவதாகப் பாதிப் பணத்தைக் கமிஷனாகக் கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன அரசுத் தளங்களில் தேடுவதற்குக் கட்டணமே இல்லை.

கடைசியாக ஒன்று. பீரோவைக் குடையும்போது கோயில் ரசீதுகள் கிடைக்கும். வருஷாவருஷம் ஒரே தேதியில், ஒரே உற்சவத்துக்கு, ‘கட்டளை’ என்று போட்டிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தாத்தாவோ அவருக்கு முந்தியவரோ ஒரு வயலை எழுதிவைத்து, அதன் வருமானத்தில் ஆறாம் நாள் மண்டகப்படி நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அறநிலையத் துறைச் சட்டத்தில் இதற்கென்றே தனி இடம் இருக்கிறது. பொறுப்பு பரம்பரையாக வருவது என்று எழுதியிருந்தால், அப்பாவுக்குப் பிறகு அது உங்களிடம் வந்திருக்கிறது. இந்த டிரஸ்டில் நீங்கள் பயனாளி அல்ல, பொறுப்பாளர். வயலை விற்க முடியாது, குத்தகைப் பணத்தை வீட்டுக்கு எடுத்துவர முடியாது. கோயில் அலுவலகத்தில் சொத்துப் பதிவேட்டைக் காட்டச் சொல்லி அப்பாவின் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த உற்சவத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.